மாறும் மழை, நீளும் உண்ணிக் காலம்

காலையில் பால் கறக்க உட்காரும்போது மாட்டின் மடிக்கும் தொடைக்கும் இடையில் உள்ள மடிப்பில் ஒருமுறை விரலை ஓட்டிப் பாருங்கள். ஆமணக்குக் கொட்டை போல ஏதாவது தட்டுப்பட்டால், அது வயிறு நிறைய ரத்தம் குடித்த பெண் உண்ணி. இன்றோ நாளையோ தானாகவே கீழே விழப்போகிறது. நம்மில் பலர் அதைப் பிடுங்கித் தரையில் போட்டுவிட்டுக் கறவையைத் தொடர்கிறோம். அது சாவதில்லை. தொழுவத்தின் ஓரத்தில் ஈரமும் நிழலும் உள்ள சந்தைத் தேடி ஊர்ந்துபோய், அங்கே 2,000 முதல் 3,000 முட்டை வரை இட்டுவிட்டுத்தான் சாகிறது.

"போன மாதம்தானே மருந்து அடித்தேன், அதற்குள் எப்படி இவ்வளவு உண்ணி?" என்று கேட்காத கறவை மாட்டுக்காரர் இல்லை. பதில் மாட்டின் மேல் இல்லை, கால்களுக்குக் கீழே இருக்கிறது. மாட்டின் உடம்பில் நாம் பார்க்கும் உண்ணி, மொத்தக் கூட்டத்தில் ஒரு சிறு பங்குதான். முட்டையாகவும், கடுகைவிடச் சிறிய பொடி உண்ணியாகவும் மீதியெல்லாம் மண்ணிலும் புல்லிலும் சுவர் வெடிப்பிலும் கிடக்கின்றன. அங்கே அவை பிழைப்பதும் சாவதும் வெயில், மழை, காற்றின் ஈரம் ஆகியவற்றின் கையில் இருக்கிறது. அதனால்தான் மழையின் போக்கு மாறும்போது மாட்டுக் காய்ச்சலின் போக்கும் மாறுகிறது.

சந்தையில் அரை லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய கலப்பினப் பசு, கன்று போட்ட பத்தாம் நாள் காய்ச்சலில் விழுந்து ஒரே வாரத்தில் இறந்துபோனால், அந்தக் குடும்பத்தின் ஒரு வருடக் கணக்கு தலைகீழாகிவிடும். உண்ணியை அரிப்பு, அசுத்தம் என்ற அளவில் மட்டும் பார்த்த காலம் போய்விட்டது.

இரண்டு உண்ணிகள், இரண்டு குணங்கள்

நம் மாடுகளில் பல வகை உண்ணிகள் இருந்தாலும், நட்டத்தில் பெரும்பங்கு இரண்டு வகைகளால் வருகிறது.

முதலாவது, 'பூஃபிலஸ்' என்று கால்நடை மருத்துவர்கள் பழக்கத்தில் சொல்லும் மாட்டு உண்ணி. இப்போதைய அறிவியல் பெயர் ரிப்பிசெஃபாலஸ் மைக்ரோபிளஸ். பொடி உண்ணியாக ஒரு மாட்டில் ஏறினால், வளர்ந்து பெரிதாகி ரத்தம் குடித்து முடிக்கும் வரை அதே மாட்டில்தான் இருக்கும். இதற்குச் சுமார் 3 வாரம் ஆகும். பிறகு விழுந்து முட்டையிடும். கதகதப்பும் ஈரமும் சேர்ந்திருந்தால் முட்டை பொரிய இன்னொரு 3 வாரம். பொரிந்த குஞ்சுகள் புல் நுனியில் கொத்துக்கொத்தாக ஏறி நின்று, மாடு உரசிக்கொண்டு போகும்போது ஒட்டிக்கொள்ளும். எல்லாம் கூடிவந்தால் இரண்டு, இரண்டரை மாதத்தில் ஒரு தலைமுறை முடிந்துவிடும்.

இந்த வகைக்கு ஈரம் வேண்டும். காற்று வறண்டால் முட்டை சுருங்கிவிடும். குளிர் 15 டிகிரி செல்சியஸை நெருங்கினால் முட்டை பொரிப்பது ஏறக்குறைய நின்றுபோகும். சித்திரை வெயில் நேரடியாக விழும் கட்டாந்தரையில் பொடி உண்ணிகள் நீண்ட நாள் தாங்காது.

இரண்டாவது, ஹயலோமா. கால்களில் வெள்ளை, பழுப்பு வளையங்கள் தெரியும். நடையும் வேகம். இது வறட்சியைத் தாங்கும். ஒரு பருவம் மாட்டில், அடுத்த பருவம் சுவர் வெடிப்பில் என்று இடம் மாறி வளர்வது இதன் வழக்கம். மண்சுவர், காரை பெயர்ந்த செங்கல், விறகு அடுக்கு, தாழிக்கு அடியில் உள்ள சந்து ஆகிய இடங்களில் பட்டினியோடு மாதக்கணக்கில் காத்திருக்கும். கோடையிலும் முதல் மழையை ஒட்டியும் வெளியே வரும்.

இதனால்தான் "பூமி சூடாகிறது, அதனால் உண்ணி பெருகுகிறது" என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. கொளுத்தும் வெயில் ஒரு வகையைக் குறைக்கும், இன்னொரு வகைக்கு ஒன்றும் செய்யாது. கோடையின் நடுவே நாலு நாள் மழை பெய்தால், அடங்கிக் கிடந்த முதல் வகையும் எழுந்துகொள்ளும். 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பம் சுமார் 0.7 டிகிரி கூடியிருப்பதாக மத்திய புவி அறிவியல் அமைச்சகம் 2020-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. இந்த 0.7-ஐவிட மாட்டுக்காரரைப் பாதிப்பது மழை வரும் நாள் மாறுவதும், வறட்சியும் வெள்ளமும் மாறி மாறி வருவதும்தான்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு பெண் உண்ணி இடும் 2,000 முட்டையில் நூற்றுக்கு ஒன்று பிழைத்தாலும் 20 உண்ணி. அதில் பாதி பெண் என்றால் அடுத்த தலைமுறையில் 200. முன்பு மழைக்காலத்தோடு முடிந்துவிட்ட ஈரம், தை வரைக்கும் நீண்டாலோ, பங்குனியிலேயே கோடை மழையாக வந்தாலோ, கூடுதலாக ஒரு தலைமுறைக்கு இடம் கிடைக்கிறது. 20-க்கும் 200-க்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு தலைமுறைதான்.

டெக்சாஸ் மாடுகள் சொன்ன பாடம்

உண்ணிக்கும் தட்பவெப்பத்துக்கும் உள்ள உறவை உலகம் முதலில் கற்றுக்கொண்டது மாட்டுக் காய்ச்சலில் இருந்துதான். 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் தென்பகுதியான டெக்சாஸிலிருந்து மாட்டு மந்தைகளை வடக்கே ஓட்டிச்செல்வார்கள். தெற்கு மாடுகள் பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் அவை போன வழியில் மேய்ந்த வடக்கு மாடுகள் ரத்தம் கலந்த சிறுநீர் போட்டுக் கொத்துக்கொத்தாகச் செத்தன. கோடையில் மட்டும் இப்படி நடந்தது. உறைபனி விழுந்ததும் நோய் நின்றுபோனது. காரணம் புரியாமல் மாட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் துப்பாக்கியோடு வழிமறித்த காலம் அது.

தியோபால்ட் ஸ்மித், கில்போர்ன் என்ற இரு ஆய்வாளர்கள் 1893-ல் விடையை வெளியிட்டார்கள். தெற்கு மாடுகளின் உடம்பிலிருந்து விழுந்த உண்ணிகளின் குஞ்சுகள்தான் நோயைக் கொண்டுபோயின. வடக்கின் குளிரில் உண்ணி செத்ததால் நோயும் நின்றது. தாய் உண்ணி ரத்தத்தோடு குடித்த கிருமி முட்டை வழியாக அடுத்த தலைமுறைக்குப் போகிறது என்பதுதான் இதில் அதிர்ச்சியான செய்தி. அந்தக் குஞ்சு நோயுற்ற எந்த மாட்டையும் பார்த்திருக்கவே வேண்டாம், பிறக்கும்போதே கிருமியைச் சுமந்து வருகிறது. 1906-ல் அமெரிக்கா உண்ணி ஒழிப்பை நாடு தழுவிய வேலையாகத் தொடங்கி 1943-ல் ஏறக்குறைய முடித்தது. ஆனாலும் மெக்சிகோ எல்லையை ஒட்டிய டெக்சாஸ் பகுதியில் இன்றுவரை காவல் மண்டலம் வைத்துக் கண்காணிக்கிறார்கள்.

அந்த நோயின் பெயர் பபீசியா. நம் ஊரில் 'ரத்த மூத்திரம்' என்கிறோம். வடக்கு அமெரிக்காவைக் காப்பாற்றிய உறைபனி நம் சமவெளியில் கிடையாது. நமக்கு இருந்த ஒரே இயற்கைக் காவல், நீண்ட வறண்ட கோடை. அதைத்தான் இப்போது விட்டுவிட்டுப் பெய்யும் மழை குலைக்கிறது.

வறண்ட வருடத்துக்கு அடுத்த வருடம்

உண்ணி அதிகமான வருடத்தில்தான் நோய் அதிகம் என்று நினைப்போம். பபீசியா விஷயத்தில் அப்படி இல்லை.

ஒன்பது மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்கு இந்த நோயைத் தாங்கும் சக்தி இயற்கையாகவே உண்டு. அந்த வயதில் நாலைந்து உண்ணி கடித்தால், பெரிதாக நோய் வராமலேயே எதிர்ப்புச் சக்தி வந்துவிடும். பின்னாளில் மாடானதும் அதே கிருமி வந்தாலும் தாங்கிக்கொள்ளும். வருடா வருடம் ஓரளவு உண்ணி இருந்துகொண்டே இருக்கும் ஊரில் நோய் அடங்கியே இருப்பதற்குக் காரணம் இதுதான்.

கடுமையான வறட்சியில் உண்ணி அற்றுப்போனால் என்ன ஆகும்? அந்த வருடம் பிறந்த கன்றுகள் கடி படாமலேயே வளர்ந்து கிடேரியாகிவிடும். அடுத்து நல்ல மழை பெய்து உண்ணி பெருகும்போது, முதல் கடியே வளர்ந்த வயதில் விழுகிறது. அப்போது வரும் காய்ச்சல் ஆளைக் கொல்லும் காய்ச்சல். 2016-ல் வடகிழக்குப் பருவமழை நம் மாநிலத்தில் இயல்பைவிட 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. 2021-ல் அதே பருவமழை இயல்பைவிட மிக அதிகமாகக் கொட்டியது. இப்படி இரண்டு எல்லைகளுக்கும் போய்வரும் காலநிலை உண்ணி நோய்களுக்குத் தோதானது. வறட்சிக்குப் பின் வரும் முதல் நல்ல மழை வருடத்தில், முதல் ஈற்றுக் கிடேரிகள் மேல் ஒரு கண் கூடுதலாக இருக்கட்டும்.

உண்ணியே இல்லாத மேட்டுப்பகுதியிலிருந்தோ, உண்ணி படாமல் வளர்த்த பண்ணையிலிருந்தோ மாடு வாங்கி வந்தாலும் இதே கதைதான். புது இடம், புது உண்ணி, மூன்றாவது வாரத்தில் காய்ச்சல். எல்லாவற்றுக்கும் காலநிலையையே குற்றம் சொல்லிவிட முடியாது. லாரியில் ஏறி மாவட்டம் விட்டு மாவட்டம் போகும் மாடு, உண்ணியையும் நோயையும் மழையைவிட வேகமாகப் பரப்பும். வாங்கி வந்த மாட்டை மூன்று வாரமாவது தனியாகக் கட்டி, உண்ணி நீக்கிய பிறகே மற்ற மாடுகளோடு சேருங்கள்.

எச்சரிக்கையாக ஒன்று. கன்றுக்கு உண்ணி நல்லது என்று இதிலிருந்து யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. ஹயலோமா பரப்பும் தைலீரியா நோய் கலப்பினக் கன்றுகளையும் கொல்லும்.

எந்தக் காய்ச்சல் என்று எப்படித் தெரியும்?

மாட்டின் இயல்பான உடல் வெப்பம் சுமார் 101.5 டிகிரி ஃபாரன்ஹீட். 100 ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு வெப்பமானியைத் தொழுவத்தில் வைத்துக்கொள்வது பல ஆயிரத்தை மிச்சப்படுத்தும்.

தைலீரியாவில் காய்ச்சல் 104 முதல் 106 வரை போகும். முன்தோளுக்கு முன்னால் கையை வைத்துத் தடவினால் நிணநீர் முடிச்சு எலுமிச்சை அளவுக்கோ அதற்கு மேலோ வீங்கியிருக்கும். காதுக்குக் கீழும் வீக்கம் தெரியலாம். கண்ணில் நீர் வடியும், அசை போடுவது நின்றுவிடும், பால் திடீரென இறங்கும். சில நாள் போனால் கண் இமையின் உட்புறம் வெளுத்துப்போகும். சிறுநீர் நிறம் மாறுவதற்காகக் காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

பபீசியாவில் காய்ச்சலோடு சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போகும். கன்று போட்ட சில வாரத்தில், காய்ச்சல் இல்லாமல் சிறுநீர் மட்டும் சிவந்திருந்தால் அது பாஸ்பரஸ் சத்துக் குறைவாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. அதனால்தான் வெப்பமானி முக்கியம். மூன்றாவதான அனபிளாஸ்மாவில் சிறுநீர் சிவக்காது. மாடு வெளுத்தும் மஞ்சள் பூத்தும் இளைத்துப்போகும், சாணி கட்டிப்படும்.

இந்த மூன்றும் ஒரே மாட்டில் சேர்ந்தும் வரலாம். காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பூசிப் பார்த்தால் கிருமியைக் கண்டுபிடித்துவிட முடியும். காய்ச்சல் ஊசி, ஆன்டிபயாட்டிக் என்று மூன்று நாளைக் கடத்தாமல், முதல் நாளே ரத்தப் பூச்சு எடுக்கச் சொல்லுங்கள். தைலீரியாவுக்கு புபார்வாக்குவோன், பபீசியாவுக்கு டைமினசின், அனபிளாஸ்மாவுக்கு ஆக்சிடெட்ராசைக்ளின் என்று தனித்தனி மருந்துகள் இருக்கின்றன. எது, எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஒன்றுக்குப் போட்ட ஊசி இன்னொன்றுக்குக் கேட்காது. மாவட்டத் தலைநகரில் உள்ள கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவிலும் பரிசோதனை வசதி உண்டு. மாட்டை ஓட்டிப்போக முடியாத நிலை என்றால் 1962-க்குப் போன் செய்யுங்கள்.

தைலீரியாவுக்குத் தடுப்பூசி இருக்கிறது என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. கலப்பின மாடு வைத்திருப்பவர்கள், உண்ணிக் காலம் தொடங்குவதற்கு முன்பே உள்ளூர்க் கால்நடை மருத்துவரிடம் இதைப் பற்றிக் கேளுங்கள். சினை மாடாக இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

காங்கேயம், உம்பளாச்சேரி, பர்கூர் போன்ற நாட்டு மாடுகளில் உண்ணி குறைவாகவே ஒட்டும், ஒட்டினாலும் நோயைத் தாங்கும். கலப்பினத்தில் அயல் ரத்தம் கூடக்கூட இந்தத் தாங்குதிறன் குறையும். நம் மாநிலத்துப் பசுக்களில் பெரும்பகுதி இன்று கலப்பினம் என்பதையும் காலநிலையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

வெயிலுக்குச் செய்த வசதி உண்ணிக்கும் ஆகிறது

கோடையில் கலப்பின மாடு மூச்சிரைப்பதைப் பார்க்கச் சகிக்காமல் நீர்த்தெளிப்பான் போடுகிறோம், ஈரச் சாக்கு கட்டுகிறோம், கொட்டகையைச் சுற்றிக் கம்பு நேப்பியரும் அகத்தியும் வளர்க்கிறோம். மாட்டுக்கு இவை வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் வெளியே வெயில் உண்ணியைக் கொல்லும் அதே மே மாதத்தில், உங்கள் கொட்டகைக்குள் மட்டும் நிழலும் ஈரமும் நிறைந்து உண்ணிக்கு ஒரு மழைக்காலம் நடந்துகொண்டிருக்கும்.

அதற்காகத் தெளிப்பானைக் கழற்ற வேண்டாம். தண்ணீர் தேங்காமல் தரைக்குச் சரிவு கொடுங்கள். தெளிப்பு நின்றதும் காற்றாடி ஓடித் தரை உலரட்டும். சுவரின் அடிப்பகுதி 3 அடி உயரத்துக்கு வெடிப்பு இல்லாமல் பூசி, சுண்ணாம்பு அடியுங்கள். சிமெண்ட் பூச வசதி இல்லை என்றால் களிமண்ணும் சாணமும் குழைத்து அடைத்தாலும் போதும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். எருக்குழி கொட்டகையை ஒட்டி இருக்கக் கூடாது. விறகும் ஓலையும் சுவரோரம் அடுக்குவதை நிறுத்துங்கள். சுவர்ச் சந்துகளில் தீ காட்டும் பழக்கம் சில பண்ணைகளில் உண்டு. ஓட்டுக் கொட்டகை, தகரக் கொட்டகை என்றால் மாட்டை வெளியே கட்டிவிட்டுச் செய்யலாம். கீற்றுக் கொட்டகையில் நினைத்தும் பார்க்காதீர்கள்.

நாலு நாட்டுக்கோழி தொழுவத்தில் உலவினால், விழுந்த உண்ணியைப் பொறுக்கித் தின்றுவிடும். மருந்து அடித்த நாட்களில் மட்டும் அவற்றை அடைத்து வையுங்கள். மேய்ச்சல் மாட்டின் பின்னால் போகும் வெள்ளைக் கொக்குக்கே உண்ணிக்கொக்கு என்றுதான் பெயர். உள்ளபடி அது அதிகம் தின்பது மாட்டின் காலடியில் கிளம்பும் வெட்டுக்கிளியைத்தான், இருந்தாலும் விரட்ட வேண்டாம்.

எப்போது அடிப்பது, எப்படி அடிப்பது

உண்ணி அப்பிக்கொண்ட பிறகு மருந்து வாங்க ஓடுவதுதான் நம் வழக்கம். அதற்குள் தரையில் லட்சக்கணக்கான முட்டைகள் இறங்கியிருக்கும். உண்ணி மிகக் குறைவாக இருக்கும் நேரத்தில், அதாவது வறண்ட வெயிலின் முடிவில், மழைக்குச் சற்று முன்பு தொடங்குவதே சரி. தென்மேற்குப் பருவமழை பெறும் கோவை, தென்காசி, கன்னியாகுமரிப் பக்கம் வைகாசியிலும், டெல்டா, கடலோர மாவட்டங்களில் ஆவணி, புரட்டாசியிலும் முதல் மருந்து விழ வேண்டும். கோடை மழை முந்தி வந்தால் நீங்களும் முந்திக்கொள்ளுங்கள். காலண்டரைப் பார்க்காமல் வானத்தைப் பாருங்கள்.

மாட்டு உண்ணி மாட்டில் இருப்பது 3 வாரம். எனவே 18 முதல் 21 நாள் இடைவெளியில் மூன்று முறை அடித்தால், ஒரு பெண் உண்ணிகூட ரத்தம் குடித்து முடித்து விழ வாய்ப்பில்லாமல் போகும். மாதம் ஒருமுறை என்று அடித்தால் நடுவில் ஒரு கூட்டம் தப்பிவிடும்.

டெல்டாமெத்ரின், அமிட்ராஸ் போன்றவை பெரும்பாலும் லிட்டருக்கு 2 மி.லி. அளவில் கலக்கச் சொல்லப்பட்டிருக்கும். நீங்கள் வாங்கிய பாட்டிலில் என்ன இருக்கிறதோ அதையே பின்பற்றுங்கள். ஒரு முழு மாட்டை நனைக்க 3 முதல் 5 லிட்டர் கரைசல் தேவை. நாம் ஒரு லிட்டரில் மூன்று மாட்டை முடித்துவிடுகிறோம். காதுக்குள், வாலுக்கு அடியில், மடி மடிப்பில், அலைதாடியில் மருந்து படவே படாது. இப்படி அரைகுறையாக அடிப்பதால்தான் மருந்துக்கு அசையாத உண்ணிகள் உருவாகின்றன. டெல்டாமெத்ரினும் சைபர்மெத்ரினும் வேலை செய்யாத உண்ணிகள் நாட்டின் பல மாநிலங்களில் பதிவாகியுள்ளன. இவை இரண்டும் ஒரே குடும்பம். ஒன்று கேட்கவில்லை என்று இன்னொன்றுக்கு மாறுவதில் பயன் இல்லை. கடைக்காரர் வேறு பெயருள்ள பாட்டிலைக் கொடுத்தால், உள்ளே இருக்கும் மருந்து என்ன என்று படித்துப் பாருங்கள்.

அடிப்பதற்கு முன் மாட்டுக்கு வயிறாரத் தண்ணீர் காட்டிவிடுங்கள், தாகத்தில் உடம்பை நக்காது. கறவை முடிந்த பிறகு, இளவெயிலில் அடியுங்கள். மழை வரும்போல் இருந்தால் தள்ளிப்போடுங்கள். அடுத்த கறவைக்கு முன் மடியை நன்றாகக் கழுவ வேண்டும். அமிட்ராஸ் குதிரைக்கு ஆகாது. ஐவர்மெக்டின் ஊசி பாலில் கலந்து வரும் என்பதால், பால் விற்கும் மாட்டுக்கு வேண்டாம்.

மூலிகை வழியை நாடுபவர்களுக்கு, கால்நடை மரபு மருத்துவத்தில் சொல்லப்படும் ஒரு கலவை: பூண்டு 10 பல், வேப்பிலை ஒரு கைப்பிடி, வேப்பம்பழம் ஒரு கைப்பிடி, வசம்பு 10 கிராம், மஞ்சள்தூள் 20 கிராம், துளசி ஒரு கைப்பிடி, உண்ணிச்செடி இலை ஒரு கைப்பிடி. எல்லாவற்றையும் அரைத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து வடிகட்டி, வாரம் ஒருமுறை மாட்டின் மேலும் சுவர் வெடிப்பிலும் தெளிக்கலாம். உண்ணிச்செடியை மாடு தின்றால் விஷம் என்பதால், அரைத்த சக்கையைத் தீவனத்தின் பக்கம் கொட்டாதீர்கள். உண்ணி குறைவாக இருக்கும்போது இது கைகொடுக்கும். அப்பிக்கிடக்கும்போது இதை மட்டும் நம்புவது சரியாக வராது என்பது என் எண்ணம்.

தினமும் கையால் பொறுக்குவதையும் லேசாக எண்ண வேண்டாம். தைலீரியா கிருமி உண்ணியின் எச்சிலில் முதிர்ந்து மாட்டுக்குள் இறங்க, உண்ணி ஒட்டிய பிறகு 2, 3 நாள் ஆகும். அதற்குள் எடுத்துவிட்டால் நோய் இறங்காது. எடுத்ததைச் சோப்புத் தண்ணீரிலோ மண்ணெண்ணெயிலோ போடுங்கள். விரலால் நசுக்காதீர்கள்.

நசுக்காதீர்கள் என்பது ஏன்?

ஹயலோமா உண்ணி வழியாக மனிதருக்கு வரும் கிரிமியன்-காங்கோ ரத்தக்கசிவுக் காய்ச்சல் 2011-ல் குஜராத்தில் முதன்முதலாக உறுதியானது. நமக்கு இன்னும் பக்கத்தில் உள்ளது, 1957-ல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டக் கியாசனூர் காட்டில் கண்டுபிடிக்கப்பட்ட குரங்குக் காய்ச்சல். அதைப் பரப்பும் காட்டு உண்ணியின் இளம்பருவம் மழை நின்றபின் வறண்ட மாதங்களில், மார்கழி தொடங்கி வைகாசி வரை காட்டுத் தரையில் நிறைந்திருக்கும். காட்டுக்குள் மேயும் மாடுகள் இந்த உண்ணியின் பெரிய பருவத்துக்கு ரத்தம் கொடுத்து அதன் பெருக்கத்துக்கு உதவுகின்றன. நீலகிரியின் காட்டோர ஊர்களில் இருப்பவர்கள், செத்த குரங்கைப் பார்த்தால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

இன்னொரு குழப்பம். செய்திகளில் 'உண்ணிக் காய்ச்சல்' என்று எழுதப்படும் ஸ்க்ரப் டைபஸை மாட்டு உண்ணி பரப்புவதில்லை. புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய ஒரு சிலந்திப்பேன் வகையின் இளம்பருவம்தான் பரப்புகிறது. அதுவும் மழையை ஒட்டியும் அடுத்து வரும் குளிர் மாதங்களிலும்தான் கூடுகிறது. புல் அறுத்து வந்த சில நாளில் கடும் காய்ச்சல் வந்து, அக்குளிலோ இடுப்பிலோ சிகரெட் சுட்டதுபோல் கருப்புப் பொருக்கு இருந்தால், மருத்துவரிடம் அதைக் காட்டுங்கள். உரிய மாத்திரை தொடக்கத்திலேயே கிடைத்தால் எளிதில் குணமாகும்.

கால்நடைப் பராமரிப்புத் துறையிலும் பால் சங்கங்களிலும் களத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊருக்கு ஐந்து மாடு குறித்துக்கொண்டு, மாதம் ஒருமுறை ஒரு பக்கத்தில் மட்டும், கழுத்திலிருந்து வால் வரை உள்ள பெரிய உண்ணிகளை எண்ணுங்கள். எண்ணியதை அந்த மாத மழை அளவுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். இரண்டு வருடம் எழுதினால், உங்கள் ஊரில் உண்ணி எந்த மழைக்குப் பிறகு எத்தனையாவது வாரத்தில் ஏறுகிறது என்பது அந்த நோட்டிலேயே தெரிந்துவிடும். அடுத்த வருடம் முதல் மருந்துக்கான தேதியை அதைப் பார்த்தே ஊராருக்குச் சொல்லலாம்.